ஜெராக்ஸ் கடையில் கிடைத்த பதில்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மதிப்பெண் நன்றாகத்தான் இருந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

நாங்கள் ஆம்பூர். அப்பா இல்லை. அம்மா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்கிறார். சப் இன்ஸ்பெக்டர் ஆக வேண்டும் என்பது ஆறாம் வகுப்பிலிருந்தே என் ஆசை. அதற்கு எந்தப் பட்டம் படிப்பது என்று சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை. கல்லூரிக்குப் போனவர்களே இல்லை.

வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் அரசுக் கல்லூரியில் வரலாறு கிடைத்திருந்தது. ஆனால் வெளியூர்த் தனியார் கல்லூரியிலிருந்து தினமும் போன். "குற்றவியல் படிச்சாதான் போலீஸ்ல எடுப்பாங்க. வியாழக்கிழமைக்குள்ள ஒரிஜினல் சர்டிபிகேட் குடுத்துடணும்."

கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது கஷ்டம் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். கொடுக்காமல் விட்டு, நாளைக்குப் போலீசில் எடுக்காவிட்டால்? இரண்டு பக்கமும் பயம். முழங்காலில் நின்று அழுதேன். "ஆண்டவரே, விவரம் தெரிந்த ஒருவரையாவது காட்டும்." வேறு ஒன்றும் கேட்கத் தெரியவில்லை.

புதன்கிழமையும் பதில் வரவில்லை.

வியாழன் காலை நானும் அம்மாவும் சர்டிபிகேட்டுகளோடு அந்தத் தனியார் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டோம். பஸ் ஏறும் முன் நகல் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றோம். சர்டிபிகேட் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாடி, இப்டி புடிச்சிக்கினு நிக்கறே?" என்றார் அம்மா.

"தப்பாப் போய்ட்டா இன்னாம்மா பண்றது? அப்புறம் நான் போலீஸ் ஆகவே முடியாதே."

முன்னால் நின்றிருந்த, புடவை கட்டிய ஓர் அக்கா திரும்பினார். "யாரும்மா போலீஸ் ஆவப் போறது? நான் எஸ்.ஐ.தான்."

அம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்த அக்கா சிரித்தார். "எந்த டிகிரியும் போதும்மா. நான் தாவரவியல் படிச்சவ. இதுக்கா இவ்ளோ பேஜார்?" கடைக்காரரிடம் சொல்லி, பழைய எஸ்.ஐ. தேர்வு அறிவிப்பைக் கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் எடுத்து என் கையில் கொடுத்தார். 'ஏதேனும் ஒரு பட்டம்' என்று அச்சில் இருந்தது. நான்கு முறை படித்தேன். "பரீட்சைக்குப் படி. தினம் ஓடு. அதுதான் உனக்கு கஷ்டமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

நாங்கள் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

இன்று அரசுக் கல்லூரியில் வரலாறு இறுதியாண்டு. விடியலில் மைதானத்தில் ஓடுகிறேன். முதல் மாதம் இரண்டு சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். இப்போது நிற்காமல் ஓடுகிறேன். தேர்வு இனிமேல்தான். பயம் முழுதாகப் போகவில்லை, நேற்றும் வந்தது. ஆனால் பயம் வந்தால் இப்போது சாப்பாட்டை ஒதுக்குவதில்லை. முழங்காலில் நிற்கிறேன், பிறகு புத்தகத்தைத் திறக்கிறேன்.

காக்கி போட்ட பிறகு சபையில் சாட்சி சொல்லலாமே என்று அம்மா கேட்டார். எனக்குக் காத்திருக்க மனமில்லை. கேட்டதற்குக் கடைசி நாளிலாவது பதில் தந்த ஆண்டவருக்கு இன்றே நன்றி சொல்கிறேன். உங்கள் வீட்டில் எந்த வழி என்று தெரியாமல் தவிக்கும் பிள்ளை இருந்தால், அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். என் ஜெபத்தைக் கேட்டவர், அந்தப் பிள்ளையின் ஜெபத்தையும் கேட்பார்.