ஒருத்தி பாக்கணும்னு போட்ட ஸ்டேட்டஸ்

நான் வேலை பாக்கற தையல் கடையில மொத்தமே ரெண்டு பேரு. மிஷின்ல உக்கார்றது டைலரம்மா. கொக்கி வைக்கிறது, காஜா எடுக்கிறது, பிசிறு வெட்டறது எல்லாம் நான். அவளுக்கு அம்பது தாண்டிருச்சு, கல்யாணம் கட்டிக்கல, ஒண்டியா இருக்கா. அதுல என்ன தப்பு? என் வீட்டுக்காரரு போனப்புறம் நானும் ஒண்டிதான். குறட்டைச் சத்தம் இல்லாம நல்லாத் தூங்குறேன். இவ என்னன்னா, கையில போன வெச்சிக்கிட்டு ஒண்டியா இருப்பா. அதான் வினையே.

இவளுக்கு வேற ஊருல ஒரு தங்கச்சி. போன வருஷம் குடும்பமா சேர்ந்து எடுத்த போட்டோவ அவ எல்லாரும் பாக்கறாப்புல போட்டுட்டா. அதுல மத்தவங்க பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க, இவளுக்கு ஓரத்துல முழங்கை மட்டும் தெரியுது.

"வேணும்னே வெட்டிட்டா பெரியம்மா."

"போட்டோல எடம் பத்தலையோ என்னமோ. உன் உடம்பையும் கொஞ்சம் பாரும்மா."

அன்னைக்குப் பூரா என்கிட்டயும் பேசல. தங்கச்சி போன் பண்ணி, போனே தானா வெட்டிருச்சுக்கான்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தா. இவ கேக்கணுமே! ஒரு முழங்கைக்காக என்னமோ சொத்தப் பிடுங்கிட்ட மாதிரி பேச்ச நிறுத்திட்டா.

பேச்சுதான் கிடையாது, வேவு பாக்கறதெல்லாம் உண்டு. ஸ்டேட்டஸ் போட்டா யாரு பாத்தாங்கன்னு அந்தப் போனே கோள் சொல்லிருமாம். தங்கச்சி பேரு அதுல தவறாம இருக்குமாம். அந்த ஒருத்திக்காகத்தான் இத்தனை ஜோடனையும். பக்கத்து வீட்டுப் பூந்தொட்டி முன்னாடி நின்னு சிரிப்பா. நாலு தட்டு வெச்சுப் படம் எடுத்து, வீடு நிறைய விருந்தாளின்னு போடுவா. வந்தது நான் ஒருத்தி. நாலு தட்டையும் கழுவினதும் நான்தான்.

போட்டப்புறம் வேலை ஓடுமா? ஒரு தையல் தைப்பா, போன எட்டிப் பாப்பா. தங்கச்சி பாத்துட்டான்னு தெரிஞ்சா மூஞ்சி பூரிச்சிரும். அடுத்த நிமிஷமே தங்கச்சி போட்ட கடல், படகு, புது சோபா எல்லாத்தையும் பாத்துட்டுப் பிழிஞ்சு போட்ட துணி மாதிரி ஆயிடுவா.

"அவளுக்கு என்ன குறை? என் நெனப்பே கிடையாது."

"உன் சிரிப்பப் பாத்துட்டு அவளும் இதையேதான் சொல்லுவா."

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது பெரியம்மா."

"எனக்குப் படிக்கத்தான் தெரியாது. மூஞ்சி பாக்கத் தெரியும்."

இப்படி இருக்கையில அவளுக்குக் கண்ணு மங்கிப் போச்சு. ஊசியில நூல் கோக்கறத என் தலையில கட்டினா. ஆஸ்பத்திரியில பாத்துட்டு, புரை முத்துது, ஆபரேஷன் பண்ணணும், கூட இருந்து வேளா வேளைக்குச் சொட்டு மருந்து விட ஆளு வேணும்னுட்டாங்க.

நான் இருக்கேன்னேன்.

"மூணு மருந்து பெரியம்மா. எது எந்த வேளைக்குன்னு எப்படிப் படிப்பீங்க?"

அதுவும் நியாயம்தான். "அப்பத் தங்கச்சியக் கூப்பிடு."

"குருடியாவே இருந்துட்டுப் போறேன்."

"குருடியா இருந்தா மிஷின யாரு ஓட்டறது? உன் போனா சோறு போடும்?"

ஆஸ்பத்திரியில குடுத்த தேதிக்கு அவ போகல. அதுக்குப் பதிலா, தைச்சு முடிச்ச நீலக் கவுனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு படம். 'கை நிறைய வேலை, மனசு நிறைய சந்தோஷம்'னு எழுதினாளாம். பிரமாதம், அருமைன்னு வந்து குவிஞ்சுதாம். கிழவி நான், அதே கவுனுக்குக் கொக்கி வெச்சவ, எனக்கும் அதுல தப்பு ஒண்ணும் தெரியல.

மறுநாள் ஒரு பொம்பள பையும் கையுமா கடைக்குள்ள நுழைஞ்சா. வாங்கன்னு கூடச் சொல்ல விடல. நேரா போயி தொங்கற கவுனோட கழுத்தத் திருப்பிப் பாத்தா.

"எத்தனை நாளாக்கா கண்ணு தெரியல?"

டைலரம்மா மிஷின விட்டு எழுந்திருக்கல. "உனக்கு யாருடி சொன்னா?"

"இந்தக் கழுத்துப் பட்டிதான் சொல்லுச்சு. நீ போட்ட படத்தப் பெரிசாக்கிப் பாத்தேன், தையல் துணிய விட்டு வெளிய ஓடுது. ஒரு நூல் விலகினாலே பிரிச்சுப் போடறவ நீ. சின்னதுல என்னை அழ அழ பிரிக்க வெச்சியே, மறந்துட்டியா?"

"அப்ப என் மூஞ்சிய நீ பாக்கவே இல்ல?"

"எதுக்கு? தினமும் அதே சிரிப்பு. வீடு நிறைய விருந்தாளி இருக்காங்களே, நாம எதுக்குன்னு இருந்துட்டேன்."

"நீ மட்டும் என்னவாம்? புது சோபா..."

"அது கடையில உக்காந்து எடுத்ததுக்கா. விலையக் கேட்டு எழுந்து வந்துட்டேன்."

நான் சிரிச்சதுல வாயில இருந்த நூல் விழுந்துருச்சு. டைலரம்மா சிரிக்கல. தங்கச்சி கையப் பிடிச்சு மடியில வெச்சுக்கிட்டு, "பயமா இருக்குடி"ன்னா. ஒரு ஸ்டேட்டஸ்லயும் அவ எழுதாத சேதி.

மறுபடி தேதி வாங்கி ஆபரேஷன் ஆச்சு. கண்ணு ஆற வரைக்கும் போனத் தொடக்கூடாதுன்னு தங்கச்சி பிடுங்கி வெச்சிட்டா. நான் பாக்கப் போனப்ப இவ ஒத்தக் கண்ணக் கட்டிக்கிட்டு, மத்ததையும் மூடிப் படுத்திருந்தா. கால்மாட்டுல உக்காந்ததும் குசுகுசுன்னு கேக்கறா.

"பெரியம்மா, அவ இன்னைக்கு ஏதாவது போட்டிருக்காளா?"

"அடியே, அவ அடுப்படியில நின்னு உன்னத் திட்டிக்கிட்டு இருக்கா. காதுமா அடைச்சுப் போச்சு?"

"கேக்குது, கேக்குது. கொஞ்சம் சும்மா இருங்க"ன்னு என் வாய அடக்கிட்டு, அடுத்தது என்ன திட்டறான்னு தலையத் திருப்பி வெச்சுக்கிட்டா.