புட்டி வைத்த கை

கார் பெயிண்டருக்கு அரைகுறை வேலை ஆகாது. கீறல் விழுந்த கதவைக் கொண்டுபோய் விட்டால், புட்டி வைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து, கீறல் எங்கே இருந்தது என்று உங்களையே தேட வைத்துவிடுவார். வாயும் அப்படித்தான். ஒருவர் மேல் பழி போட்டுவிட்டால் லேசில் இறக்க மாட்டார்.

இரண்டு வாரமாக, வீட்டுப் பட்டறையில் பெயிண்ட் அடிக்கக் காற்றுத் தரும் கம்ப்ரசர் அவர் உயிரை வாங்கியது. டேங்க் காலியாக இருந்தால் சமர்த்தாக ஓடும். காற்று நிரம்பி நின்று, மறுபடி ஓட வேண்டிய நேரத்தில் மோட்டார் முனகும், சுற்றாது. பிறகு ஃபியூஸ் போகும். பாதிக் கதவில் காற்று நின்றால் எப்படி இருக்கும் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். வேண்டாம், கடித்துவிடுவார்.

முதலில் கரண்டைத் திட்டினார். அப்புறம் வயரைத் திட்டி, தடித்த வயராக வாங்கிப் போட்டார். பெல்ட்டைக் கழற்றி மாட்டினார். ஒன்றும் ஆகவில்லை. மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரில் வந்து நின்றார். போன மாதம் அதை மாற்றிக் கொடுத்தது மனைவியின் தம்பி, எலக்ட்ரீசியன். போதாதா?

வெளியூர் வேலை முடிந்து, அக்கா மகளுக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்கக் கையில் குட்டிச் சட்டையோடு வந்தவனை வாசலிலேயே மறித்தார். "சொந்த அக்கா வீட்டுக்கே டூப்ளிகேட் மாட்டினவன், ஊருக்கு என்னத்த மாட்டுவான்?" என்று தெருவே கேட்கக் கத்தினார். அவன் அந்தக் குட்டிச் சட்டையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். அதற்கப்புறம் அந்தத் தெருவில் இரண்டு வீட்டில் அவனை வேலைக்குக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

பத்து நாள் பொறுத்த மனைவி இன்று காலை தானே போய்த் தம்பியை அழைத்துவந்தாள். "அவன் பாத்து முடிக்கிற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது" என்றாள்.

தம்பி மீட்டரை வைத்துப் பார்த்தான். கெப்பாசிட்டர் நன்றாக இருந்தது. கரண்டும் சரி. டேங்க்கைக் காலி செய்து ஓடவிட்டான். காற்று நிரம்பி மோட்டார் நின்றது. அவன் தலையைச் சாய்த்துக் காத்திருந்தான்.

"மாமா, நின்னதும் புஸ்ஸுனு ஒரு சத்தம் வருமே. இப்ப வரலையே, எங்க?"

"அது காத்து சமாசாரம். நீ கரண்ட்டப் பாரு."

"குழாய்ல தங்குன காத்து அப்பதான் வெளிய போகும். போகலன்னா, அடுத்த தடவ அதையும் தள்ளிக்கிட்டு மோட்டார் கிளம்பணும். எப்படிக் கிளம்பும்?"

சுவிட்சுக்கு அடியில் விரலால் தடவினான். காற்று போகும் துளையையே காணோம். வழவழவென்று, கம்ப்ரசரின் அதே சிவப்பு நிறம். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினான். புட்டி உதிர்ந்தது.

"இவ்ளோ நேர்த்தியா தேய்ச்சு, கலர் வேற மேட்ச் பண்ணி அடிக்கிற ஆளு இந்த ஊர்ல ஒருத்தர்தான்" என்றான் தம்பி. அவன் சிரிக்கவில்லை.

பெயிண்டருக்கு முகம் செத்துப்போயிற்று. பேத்தி வந்த அன்று, அந்தப் புஸ் சத்தத்துக்கு அது திடுக்கிட்டு அழுதது. உடனே துளையை அடைத்தார். புட்டி வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருந்தால் அவருக்குத்தான் தாங்காதே, பெயிண்டும் அடித்தார். அதன்பின் அது அவர் கண்ணுக்கே தெரியவில்லை. காற்று வேறு, கரண்ட் வேறு என்று நினைத்த மனுஷனுக்கு அது தோன்றவும் இல்லை.

துளையைத் திறந்ததும் மோட்டார் முதல் தட்டிலேயே கிளம்பியது. தம்பி பையைத் தூக்கினான்.

"இருடா" என்றாள் அக்கா. பிறகு கணவரிடம் திரும்பினாள். "எங்க நின்னு கத்துனீங்களோ, அங்கயே போய் நின்னு சொல்லுங்க."

பெயிண்டர் வாசலுக்குப் போனார். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள், பக்கத்துக் கடையில் நாலு பேர். "கெப்பாசிட்டர் நல்லாத்தான் இருந்துச்சு. காத்து போற ஓட்டைய அடைச்சது நான்தான்" என்று முனகினார், அவருடைய மோட்டாரைப் போலவே.

"கேக்கல" என்றாள் மனைவி.

அவர் தொண்டையைத் திறந்து தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். உள்ளே குழந்தை அலறி எழுந்தது. இந்த முறை காற்றைக் குறை சொல்ல வழியில்லை. தம்பி பையைக் கீழே வைத்துவிட்டு, கைகழுவிக்கொண்டு, குழந்தையைத் தூக்க உள்ளே போனான்.