எல்லார் கையும் பட்ட ஷூ

சிதம்பரத்தில் ஒரு கல்லூரிக்கு நான் முதல்வராக இருந்த கடைசி ஆண்டில், அமெரிக்காவிலிருந்து ஒரு விருந்தினர் வந்தார். ஓட்டக்காரர்களுக்கு ஷூ வடிவமைப்பவர். அந்தத் தொழிலில் நுழைந்த முதல் கறுப்பர்களில் ஒருவர். பிறகு வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

கடலூரிலிருந்து காரில் நான்தான் அழைத்து வந்தேன். மடியில் ஒரு பெட்டி வைத்திருந்தார். அவர் வரைந்து முதன்முதலாக உருவான ஷூ அதில் இருந்தது. இது ஒவ்வொரு மாணவர் கைக்கும் போய் வர வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்றார். அதற்கென்ன என்று வாக்குக் கொடுத்தேன்.

குத்துவிளக்கு ஏற்றும் விழா என்பதால் எல்லோரும் அரங்க வாசலிலேயே செருப்பைக் கழற்றியிருந்தோம். அவரும் கழற்றினார். மேடையில் அவர் பெட்டியைத் திறந்ததும் தாளாளர் என்னிடம் குனிந்தார்.

"என்னா சார், வெளக்கு எரியிற மேடையில செருப்பா?"

முன்வரிசையில் இருந்த குறிஞ்சிப்பாடி மாணவன் எழுந்தான். "யாரும் கால்லயே போடாத ஷூ சார் அது."

"போடலன்னா கிரீடமா ஆயிடுமா? உக்கார்றா."

நான் அந்தப் பெட்டியை வாங்கி, வாசலில் செருப்புகளோடு வைக்கச் சொல்லி அனுப்பினேன். பிறகு மைக் முன் நின்று, அமெரிக்காவில் கறுப்பர்களை வாசலோடு நிறுத்திய கொடுமையைப் பற்றி உருக்கமாகப் பேசினேன். பலத்த கைதட்டல். அவரும் தட்டினார்.

தன் முறை வந்ததும் அவர் மேடையிலிருந்து இறங்கி, வெறுங்காலோடு வாசலுக்குப் போய், செருப்புக் குவியலின் நடுவில் உட்கார்ந்துகொண்டார். மாணவர்கள் மொத்தமாகப் பின்னால் போனார்கள். மேடையில் விளக்கும் நாங்கள் இருவரும் மிஞ்சினோம்.

"பொன்னாடைய யாருக்கு சார் போத்துறது?" என்றார் தாளாளர்.

வெளியே ஒரே சிரிப்பு. வேறு வழியின்றிப் போய்ப் பார்த்தோம். செருப்புகளைப் புரட்டி, தேய்மானத்தைக் காட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"சார், ஒங்க செருப்பையும் பாத்தாரு. ஒங்களுக்கு முட்டி வலி இருக்குமாமே?" என்றான் குறிஞ்சிப்பாடிக்காரன்.

"அதெல்லாம் இல்லை" என்றேன். இருந்தது.

ஷூ எல்லார் கைக்கும் போய் அவரிடம் திரும்பியிருந்தது. அவர் எழுந்து வந்து அதை என்னிடம் நீட்டினார். பக்கத்தில் தாளாளர். நான் கைகூப்பிவிட்டேன். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, ஷூவை அக்குளில் இடுக்கியபடி தாமும் கைகூப்பினார்.

நாங்கள் கைகூப்பி நின்றதை யாரோ எடுத்த படம் கல்லூரி மலரின் அட்டையில் வந்தது. பார்த்தவர்களெல்லாம் தமிழர் பண்பாடு என்றார்கள். அந்த ஷூ கனமா லேசா என்பதுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது.