வெள்ளையடித்த விரிசல்

கண்டியில் ஒரு பாடசாலையில் நான் புவியியல் படிப்பிக்கிறேன். வானிலை இன்றைக்கு உள்ளது, காலநிலை பல வருடங்களின் சராசரி. அதைத் தீர்மானிப்பவை அகலக்கோடு, உயரம், கடலிலிருந்து உள்ள தூரம், காற்று, மலைகளின் கிடப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்லி என்ன பயன்?

அக்கா ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். பஸ்ஸில் போய்விடுகிற தூரம்தான். ஆனால் வடகீழ்ப் பருவக்காற்று அவர்களுடைய கிழக்குச் சரிவில்தான் முதலில் மோதும். மேகம் சுமையை அங்கேயே இறக்கிவிட, மலைக்கு இந்தப் பக்கம் எங்களுக்குத் தூறல், சில நாள் வெயில். நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருப்பேன். போனில் அக்கா வீட்டுக் கூரைத் தகரம் இரையும்.

போன மார்கழி மழையில் அவள் வீட்டுப் பின்சுவர் வெடித்தது. சுவருக்குப் பின்னால் மலை. மண்சரிவு பார்க்க வந்த அதிகாரிகள், விரிசல் அகலமானால் உடனே வெளியேறச் சொல்லிவிட்டுப் போனார்கள். தினமும் போனில் நான் அந்த விரிசலைத்தான் விசாரித்தேன், அக்காவை அல்ல.

பொங்கலுக்கு முன் ஒருநாள் சொன்னாள்: "அத அடைச்சு வெள்ளையடிச்சாச்சு. சாமி கும்பிடுற வீட்டுல சுவரு வாயப் பொளந்துகிட்டா நிக்கும்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "மழை விடாம யாராவது வெள்ளையடிப்பாங்களா? இனி அது பெருசாகுதான்னு எப்படித் தெரியும்?"

"பொங்கல் மழையப் பாத்தா வருது?"

பொங்கலுக்குச் சுவர் வெள்ளையாக இருந்தே ஆகவேண்டும். நானும் அந்த லயத்தில் வளர்ந்து சுண்ணாம்பு கரைத்தவள்தான். அவளை என்னவென்று திட்டுவது?

"கிளம்பி வந்துரு" என்றேன்.

"எத்தன பேரு வர்றது? ஒன் ஒத்த அறையில மாட்டையும் கட்டுவியா?" என்று சிரித்தாள். அதிகாரிகள் புது வீடு தருவதாகக் காட்டிய இடத்தில் இன்னும் புல்தான் வளர்கிறது. எனக்கு அழுகை வந்தது.

பொங்கலன்று வீடியோவில் அழைத்தாள். பொங்கிய பானையைக் காட்டினாள். பிறகு போனைப் பின்சுவர்ப் பக்கம் திருப்பினாள். புது வெள்ளையில் மேலிருந்து கீழ்வரை ஒரு மெல்லிய கோடு. தகரத்தில் மழை இரைந்துகொண்டிருந்தது.

"சுண்ணாம்பு இன்னும் சரியா காயல போல. அதான, புள்ள?"

என் ஜன்னலில் நல்ல வெயில். அவள் என் பதிலுக்குக் காத்திருந்தாள்.