பாட்டு நின்ற இடம்

எங்கள் பாட்டை டான்ஸ் பாட்டாக மாற்றப் போகிறார்கள் என்ற செய்தி எனக்குத்தான் கடைசியாக வந்தது. எழுதிப் பாடியவனிடம் முதலில் கேட்டார்களாம். கிடார் வாசித்த இரண்டு பேரிடம் அப்புறம் கேட்டார்களாம். டிரம்ஸ் வாசித்த என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஏன் என்று பாடகனிடம் போனில் கேட்டதற்குத் துளியும் கூச்சமில்லாமல் பதில் சொன்னான்.

"டிரம்ஸத்தானே மொத்தமா மாத்தப் போறாங்க? அப்புறம் உங்கிட்ட என்னத்தக் கேக்குறது?"

அவனுக்கு வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே குளிர் தாங்க முடியவில்லை என்று எப்போதும் புலம்புவான். குளிர் மூளை வரைக்கும் போய்விட்டது என்று அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

சேலத்தில் கல்லூரியில் படித்தபோது நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஆரம்பித்த ராக் குழு அது. பாடகன் வீட்டு மாடி அறையில் சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி வைத்துப் பயிற்சி செய்வோம். கோழிப்பண்ணையில் சும்மா கிடைத்த அட்டைகள். சிலவற்றில் இறகு ஒட்டிக்கொண்டிருக்கும். சேலத்து வெயிலில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, வேர்த்துக் கொட்ட, உலகத்தின் மேல் கோபமாக இருந்தோம். எதற்குக் கோபம் என்று கேட்டிருந்தால் ஒருவருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. நிறையப் பாட்டுப் போட்டோம். அத்தனையும் குப்பை. ஒன்றே ஒன்று எப்படியோ பிழைத்துக்கொண்டது. ஊரை விட்டுப் போன ஒருவன் திரும்பி வந்து, சொந்த வீட்டு வாசலில் நின்று, கதவைத் தட்டாமலே போய்விடுகிற பாட்டு. அது ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் போனது, போனுக்குப் போன் தாவியது. எங்கள் குழு கலைந்து இத்தனை வருஷமாகியும் மலைப்பாதையில் பைக் ஓட்டுகிறவர்களின் வீடியோக்களில் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பாட்டின் நடுவில் ஒரு இடம் உண்டு. கிடார், குரல் எல்லாம் ஒரே நொடியில் நின்றுவிடும். பத்து விநாடி ஒரு சத்தமும் இருக்காது. பிறகுதான் டிரம்ஸ் இறங்கும். பாட்டே அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று எழுதாதவர்கள் கிடையாது. பாடகன் ஒரு பேட்டியில் அது சமூகத்தின் மௌனம் என்றான். இன்னொன்றில் அதைத் தான் கனவில் கேட்டதாகச் சொன்னான். புளுகுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

அது என் அப்பா இறந்ததால் வந்தது. அவ்வளவுதான்.

அப்பா லாரி உதிரிபாகக் கடையில் விற்பனையாளர். பெண்பிள்ளை கீபோர்டு வாசித்தால் போதாதா என்று எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் முகம் சுளித்தபோது, "ஏன், டிரம்ஸ் அடிக்க அவளுக்குக் கையில்லையா?" என்று கேட்டவர். எங்கள் குழுவின் சத்தம் அவருக்குச் சுத்தமாக ஆகாது. ஆனாலும் எல்லாக் கச்சேரிக்கும் வருவார். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் கடையில் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம்தான் அந்தப் பாட்டின் பதிவு.

எல்லோரும் நிறுத்தியதும் நான் மனசுக்குள் நான்கு எண்ணி அடிக்க வேண்டும். எண்ணினேன். ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு காலி நாற்காலி கிடந்தது. கை எழவில்லை. மூன்று பேரும் என்னையே முறைத்தார்கள். அப்புறம் எப்படியோ அடித்தேன். ஸ்டுடியோ நேரம் முடிந்துவிட்டதால் திரும்ப வாசிக்க வழியில்லாமல் அப்படியே விட்டுவிட்டோம். அங்கே ஏன் நின்றாய் என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை. நல்லாயிருக்கிறது என்று ஆனபிறகு காரணம் எதற்கு?

இப்போது நான் நாமக்கல்லில் இருந்துகொண்டு பரமத்தி வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். டிரம்ஸ் வீட்டில் துணி காயப்போட உதவுகிறது. பாட்டை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், அந்தப் பத்து விநாடியை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று எனக்குப் பட்டது. அப்பா சம்பந்தமாக வெளியில் இருப்பது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கல்லறையில் இருக்கிறது.

பாட்டை மாற்றுகிறவரைப் பார்க்கத் திருச்செங்கோட்டுக்குப் போனேன். அவர் குடும்பத்துக்கு போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள் இருக்கின்றன. கீழே ரிக் ஆபீஸ், மேலே அவருடைய ஸ்டுடியோ. சுவரெல்லாம் வெளிநாட்டுப் பஞ்சுப் பலகை. வாசல் கண்ணாடியில் 'இசையமைப்பாளர்' என்று தங்க எழுத்து. இசை என்பது அவருக்கு எங்கோ மூன்று மாத வகுப்பில் கிடைத்தது. அறைக்குள் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார். கண் வலியோ என்று முதலில் பரிதாபப்பட்டேன்.

பாட்டைப் போட்டுக் காட்டினார். முதல் நொடியிலிருந்தே டும் டும் டும் டும். கீழே நிற்கிற ரிக் வண்டி பாறையைக் குத்துவதுபோல, ஏறாமல், இறங்காமல், ஒரே குத்து. வாசலில் நின்றவனின் கதையைக் காணோம். அவன் சொல்கிற ஒரே ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுத்து, அதையும் துண்டு துண்டாக்கி, மிஷின் குரலில் நாற்பது தடவை சொல்ல வைத்திருந்தார். இடையிடையே ஒரு பெண் 'ஹே ஹே' என்றாள். வேறு எதுவும் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை போலிருக்கிறது.

"ஏனுங்க மேடம், எப்படிங்க வந்திருக்குது?"

"நடுவுல ஒரு எடம் நிக்கும். அதக் காணோமே?"

"அந்தக் கேப்புங்களா? டான்ஸ் பாட்டுல அத்தாச்சோடு பெரிய கேப்பு வந்தா ஆடறவன் தூக்குன கால எறக்காம நிப்பானுங்க மேடம். ஒரிஜினல் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா சோகமுங்க. சோகப்படறதுக்குச் சனங்க ஊட்லயே இருந்துக்குவாங்கல்லங்க?"

பாட்டை என்ன செய்தாலும் சரி, அந்தப் பத்து விநாடியை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். இரண்டு தடவை சொன்னேன். கெஞ்சுகிற குரல் எனக்கே கேட்டு அருவருப்பாக இருந்தது. இவரும் ஏன் என்று கேட்கவில்லை. கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரிங்க மேடம், உங்க திருப்திக்கு வெச்சே பாக்கலாமுங்க. ஆனா எங்க மாமன் பஸ்ஸுல போட்டுப் பாத்துட்டுத்தானுங்க முடிவு. பஸ்ஸுல நின்னாத்தானுங்க பாட்டு."

அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது உண்மை. எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்களில் ஏறியவர்களுக்குத் தெரியும். கூரை முழுக்க ஸ்பீக்கர், கலர் கலராக விளக்கு, சீட்டுக்கு அடியில் பெரிய பெட்டி. அது அதிர்கிற அதிர்வில் டிபன் டப்பாவின் மூடி தானாகக் கழன்றுகொள்ளும். கல்லூரிப் பையன்கள் நல்ல செட்டு இருக்கிற பஸ் வரும்வரை வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு நிற்பார்கள். அவர்கள் படிக்காமல் போனால் ஊரில் கல்லூரியைத் திட்டுவார்கள்.

அந்தச் செட்டு வாயை மூடுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். எதிரே பிணம் வந்தாலோ, வழியில் சாவு வீட்டுப் பந்தல் தெரிந்தாலோ டிரைவரின் கை தானாகப் போய்ப் பாட்டை நிறுத்திவிடும். பாட்டு சட்டென்று நின்றால் பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தாண்டியதும் திரும்ப அலற ஆரம்பிக்கும். இந்த பஸ்காரர்களிடம் நான் மதிக்கிற பழக்கம் இது ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை காலையில் சிறப்பு வகுப்புக்காக நான் பரமத்தி வேலூருக்குப் போகிற, அந்த மாமனின் பஸ்ஸிலேயே சோதனை வைத்தார்கள். இசையமைப்பாளர் கூலிங் கிளாஸோடு ஏறிக் கண்டக்டர் பக்கத்தில் நின்றுகொண்டார். ஜனங்கள் ஆடுவதைப் படம் எடுக்கப் போனைக் கையில் தயாராக வைத்திருந்தார். என் பக்கத்தில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். நாமக்கல்லில் கடைகளுக்கு வெற்றிலை போட்டுவிட்டுக் காலிக் கூடைகளோடு வேலூருக்குத் திரும்புகிறவர். அடிக்கடி இதே பஸ்ஸில் பார்ப்பேன். பேசிக்கொண்டதில்லை. இந்தச் சத்தத்தில் யார் யாரோடு பேசுவது?

வழியில் வருகிற பரமத்திக்குச் சற்று முன்னால் எங்கள் பாட்டைப் போட்டார்கள். டும் டும் டும் டும். பின் சீட்டில் பையன்கள் விசில் அடித்தார்கள். இசையமைப்பாளர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அதைவிடக் கேவலம், என் வலது கால் தாளம் போட ஆரம்பித்திருந்தது. இடது காலைத் தூக்கி அதன்மேல் வைத்து மிதித்தேன்.

அந்த இடம் வந்தது. எல்லாம் நின்றது.

இன்ஜின் சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடி தடதடப்பது கேட்டது. கண்டக்டர்தான் நிறுத்தினார் என்று நினைத்து டிரைவர் வண்டியை மெதுவாக்கினார். டிரைவர்தான் நிறுத்தினார் என்று நினைத்துக் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். பஸ் முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பியது. பின் சீட்டில் ஒரு பையன் தொப்பியைக் கழற்றினான். வெளியே ஒரு பெட்ரோல் பங்க்கும் கரும்புக் காடும்தான் இருந்தன. பந்தலும் இல்லை, பிணமும் இல்லை. வெற்றிலைக்கார அக்கா எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, கையை நெஞ்சில் வைத்தபடி என்னிடம் திரும்பினார்.

"ஆரு அம்மிணி செத்தது?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்கவில்லை. கூடவே வாசித்தவர்கள் கேட்கவில்லை, பாட்டைப் புகழ்ந்து பக்கம் பக்கமாக எழுதியவர்கள் கேட்கவில்லை.

"எங்கப்பாங்க."

"அடக் கடவுளே," என்று என் கையைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்துப் பத்து விநாடி முடிந்து, டும் டும் என்று மொத்த ஸ்பீக்கரும் தலையில் இறங்கியது. நான் அழுதுகொண்டிருந்தேன். மறைக்கவும் தோன்றவில்லை. அக்கா கூடையை உதறிவிட்டு எழுந்தார். அந்த டும் டும்மை மீறி ஒரு குரல் போட்டார் பாருங்கள், எங்கள் பாடகனுக்கு ஜென்மத்தில் வராது.

"ஏனுங் கண்டக்டரு! அப்பனப் பறிகுடுத்த புள்ள இங்க அழுதுட்டு உக்காந்திருக்குது. குத்துப்பாட்டாப் போடறீங்க? நிறுத்துங்க மொதல்ல!"

கண்டக்டர் இசையமைப்பாளரைப் பார்க்கவே இல்லை. ஒரு தட்டில் செட்டை அணைத்தார். கலர் விளக்குகளும் அணைந்தன. "மன்னிச்சுக்குங்க டீச்சர், தெரீலீங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். "அது எங்க பாட்டுங்க, சோதனைக்குங்க," என்று இசையமைப்பாளர் முனகினார். முன் சீட்டுப் பெரியவர் ஒருவர் திரும்பி, "சாவு ஊட்டுக்காரங்க முன்னாடி என்னப்பா கண்ணாடி? கழட்டு," என்றார். கழற்றினார். கண் வலியெல்லாம் இல்லை. சின்னக் கண், அவ்வளவுதான்.

வேலூர் வரைக்கும் அந்த பஸ் ஒரு சத்தமும் இல்லாமல் போனது. விசில் அடித்த பையன்கள்கூட வாயைத் திறக்கவில்லை. அப்பா எப்போது இறந்தார் என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. துக்கத்துக்குக் காலக்கெடு இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஸ்டாண்டில் இறங்கியதும் இசையமைப்பாளர் பின்னாலேயே வந்தார். "அந்தக் கேப்ப எடுத்துருலாங்க மேடம். சனங்களுக்கு அது ராசியில்லீங்க."

"எடுத்துக்குங்க," என்றேன். மறுபடியும் கெஞ்சுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பாட்டு வெளிவந்தது. இடைவெளி இருந்த இடத்தில் இப்போது அந்தப் பெண் 'ஹே ஹே' என்கிறாள். பாடகன் வெளிநாட்டிலிருந்து போன் செய்து, புதுத் தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்றான். தலைமுறைக்கு வேறு கதி இல்லையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். தினமும் காலையில் பஸ்ஸில் அதைப் போடுகிறார்கள். போட்டுக்கொள்ளட்டும். எனக்கு அதில் எதுவும் மிச்சமில்லை, அதனால் எதுவும் போகவும் இல்லை.

வெற்றிலைக்கார அக்கா மட்டும் என்னைப் பார்த்தால் கூடையை நகர்த்தி இடம் போடுகிறார். அப்பா எப்படி இருப்பார், என்ன சாப்பிடுவார், அடிப்பாரா என்று ஒவ்வொரு நாளும் ஒன்று கேட்கிறார். போன வாரம், அப்பா எங்கள் கச்சேரிகளில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்ததைச் சொன்னேன். தலைக்கு மேலே எங்கள் பாட்டு குத்திக்கொண்டிருந்தது. அக்கா அண்ணாந்து ஸ்பீக்கரை ஒரு முறை முறைத்தார்.

"இந்த மாதிரி எழவு சத்தத்துல, பஞ்ச வெச்சுக்கிட்டாவது வந்து உக்காந்திருக்காரே," என்றார். "அவருதான் அம்மிணி மனுசன்."