எட்டாம் புள்ளி

அறுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் நிறம் பார்க்கிற வேலையில் இருந்தேன். மூல ஓவியத்தையும் அச்சாகி வந்த காலண்டர் தாளையும் அருகருகே வைத்து, எந்த நிறம் கூடிவிட்டது, எது குறைகிறது என்று சொல்ல வேண்டும். என் கண்ணை நம்பித்தான் குடும்பம் ஓடியது. அப்பாவுக்கு நாற்பது வயதுக்குள் பார்வை போய்விட்டது. எனக்கு அப்போது முப்பத்தாறு.

மனைவி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே வேலை பார்த்த வெளிநாட்டு டாக்டரம்மா ஊர் திரும்பும்போது தன் சிறிய பித்தளைத் தொலைநோக்கியை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் ஒருநாள் பார்த்தாள், அத்தோடு சரி. நான்தான் விடவில்லை. வேலை முடிந்து வந்ததும் மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். வடகிழக்கில் அன்னம் என்கிற நட்சத்திரக் கூட்டத்தில் ஒரு சிறு இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் தெரிந்த நட்சத்திரங்களைக் கழிவுத் தாளில் புள்ளிகளாக வரைந்து எண் போட்டேன். எட்டுப் புள்ளிகள். மூன்று நாள் சரிபார்த்தேன். எட்டும் இருந்தன.

பிறகு ஒரு வாரம் ஆர்டர் நெருக்கடி. மீண்டும் மாடி ஏறியபோது ஏழுதான் இருந்தன.

லென்ஸைத் துடைத்தேன். இடம் தவறிவிட்டதோ என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மற்ற ஏழும் வரைந்த இடத்தில் அப்படியே இருந்தன. எட்டாம் புள்ளி இருந்த இடத்தில் வெறும் இருட்டு. அப்பாவுக்கும் முதலில் சின்னச் சின்னப் பொருள்கள்தான் மறைந்தன. அரிசியில் கல் தெரியவில்லை என்று அம்மாவிடம் சொன்ன குரல் நினைவுக்கு வந்தது.

அதே வாரம் மெஷின்மேன் ஒரு தாளை எடுத்து வந்தார்.

"அண்ணாச்சி, சிவப்பு பூராவும் செங்கல் மாதிரி அடிச்சிருக்கு. உங்க கண்ணுக்குப் படலியா?"

பட்டிருக்கவில்லை.

மனைவியிடம் சொல்லாமல் நான்கு நாள் கழித்தேன். ஐந்தாம் நாள் அவளே மாடிக்கு வந்தாள். "வானத்தப் பாக்கப் போனவரு தரையப் பாத்துக்கிட்டு இருக்கீகளே, என்ன விசயம்?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குனிந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். தாளைக் கையில் வாங்கி ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"ஏழுதான் இருக்கு."

"நல்லாப் பாரு. தாள்ல இந்த ரெண்டு புள்ளிக்கும் நடுவுல."

"ஒண்ணும் இல்லங்க. நான் பச்சப்பிள்ளைக்கு நரம்பு தேடி ஊசி போடுறவ. எனக்கே தெரியலன்னா அங்கன எதுவும் இல்லன்னு அர்த்தம். இதையா மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சீக?"

அவள் குரலில் கோபம் இருந்தது. எனக்கோ உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்தது போல இருந்தது. மறுநாள் அச்சகத்தில் அந்தச் சிவப்பு மையின் டப்பாவைத் தேடி எடுத்தேன். வழக்கமாக வாங்குவது அல்ல, வேறு சரக்கு. காயும்போதுதான் நிறம் மாறியிருக்கிறது. ஈரத்தாளில் நான் பார்த்தது சரிதான்.

அப்படியென்றால் அந்த நட்சத்திரம் எங்கே? வரைந்த தாளின் நகலோடு, மலைமேல் இருந்த ஒரு வானாய்வு நிலையத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரும் என்று நினைக்கவில்லை. மூன்று வாரத்தில் வந்தது.

நான் பார்த்தது ஒரு நட்சத்திரம் அல்ல, மிக நெருக்கமாக ஒன்றையொன்று சுற்றும் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். ஒன்றிலிருந்து வாயு வழிந்து, சிறியதான மற்றொன்றைச் சுற்றி வட்டமாகச் சேர்கிறதாம். பல வாரம் மங்கிக் கிடக்கும். பிறகு ஓரிரு நாளில் பல மடங்கு பிரகாசமாகி, சில நாள் இருந்து, அடங்கிவிடும். ஏன் அப்படி என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை என்றும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்கள். மங்கியிருக்கும்போது உங்கள் கருவிக்கு அது எட்டாது, தொடர்ந்து பாருங்கள், திரும்ப வரும் என்று கடிதம் முடிந்தது. மனைவிக்கு அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

அதன்பின் மாடி ஏறுவது இருவருக்கும் வழக்கமாயிற்று. ஏழு புள்ளிகளை மட்டும் எண்ணிவிட்டு இறங்குவோம். தீபாவளிச் சரக்கு ஏற்றிய லாரிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு மாலையில், எனக்கு முன்னால் போயிருந்தவள் மேலேயிருந்து கத்தினாள்.

"ஏங்க, ஓடி வாங்க! வந்திருச்சு!"

அதே இடம். மூன்றாம் புள்ளியைவிடச் சற்று மங்கல், ஐந்தாம் புள்ளியைவிட நல்ல பிரகாசம். தாளில் நிறம் பார்ப்பது போலவே அதன் வெளிச்சத்தை இரண்டுக்கும் நடுவில் வைத்து மதிப்பிட்டேன். மறுநாள் காலையில் முதல் வேலையாக அதை அந்த நிலையத்துக்கு அஞ்சலட்டையில் எழுதிப் போட்டேன்.

அடுத்த நாளே அடைமழை பிடித்துக்கொண்டது. அது மங்கி அடங்குவதைப் பார்க்க முடியவில்லை. ஒரு வாரம் கழித்து வானம் வெளுத்தபோது அந்த இடம் மறுபடி காலியாக இருந்தது. "போயிருச்சா?" என்று கீழேயிருந்து கேட்டாள். "போயிருச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.