படியேறும்போது கேட்ட விசில்

தொண்ணூறுகளின் கடைசியில் ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் இருந்த டிடிபி கடையில் டைப் அடித்தேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ஆடி மாதம் வந்தால் கூழ் ஊற்றுகிற அழைப்பு. கம்ப்யூட்டர் ஒன்று, ஆள் இரண்டு. காலையில் கோவில்பதாகையிலிருந்து வருகிற பெண், மதியத்துக்கு மேல் நான். அவள் ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தட்டித் தமிழை வரவழைப்பாள். நான் டைப்ரைட்டிங் படித்தவள். எங்கள் முறையில் டு, து, மு, ரு எதற்கும் இடது சுண்டுவிரல் ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இவை இல்லாமல் எந்தப் பத்திரிகையை அடிப்பது? விரல் வீங்கி, வீட்டில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

அப்போது பார்த்து முதலாளி சொன்னார்: "ரெண்டு பேருக்குச் சம்பளம் கட்டுப்படியாவல. மாசக் கடைசி வரிக்கும் பாப்பேன். யாரு வேகமோ அவங்க இருங்க."

அன்றிலிருந்து வலித்தாலும் கையை எடுக்காமல் அடித்தேன்.

ஒரு சாயங்காலம் அலுத்துப்போய், எரிச்சலில் ஷிப்டையே டொக்கு டொக்கென்று தட்டினேன். மிஷின் விசிலடித்தது. திரையில் ஏதோ பெட்டி வந்தது. படிக்கத் தெம்பில்லை, என்டரைத் தட்டினேன். அதன்பின் ஷிப்டைப் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு தட்டுத் தட்டி விட்டுவிட்டு எழுத்தை அடித்தால் போதும். அழுகையே வந்துவிட்டது. தொடர்ந்து ஐந்து முறை தட்டினால் விசில் வரும் என்று பிறகு கண்டுகொண்டேன்.

ஆனால் யாராவது பழையபடி ஷிப்டையும் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் அந்த ஏற்பாடு அணைந்துவிடும். காலையில் அவள் அப்படித்தான் அடிப்பாள். தினமும் மதியம் அவள் கிளம்பும்போது நான் மறுபடி தட்டுவேன்.

"இன்னாக்கா, எதுக்கு அந்த ஷிப்டையே தட்டிகினு கீற?"

"விரல் நோவுதும்மா. இப்டி வச்சா புடிக்கத் தேவயில்ல."

மறுநாள் படியேறும்போதே மேலே விசில் கேட்டது. "போட்டு வச்சிகீறேன், ஒக்காருக்கா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். போட்டியில் இருக்கிறவள் செய்கிற வேலையா இது? அவளுக்கும் அந்தச் சம்பளம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் வேகமாகத்தான் அடித்தேன். மெதுவாக அடிக்க எனக்கு வசதியில்லை.

மாசக் கடைசியில் முதலாளி என்னை வைத்துக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து காலையும் நான்தான். படியேறினேன். மேலே சத்தமில்லை. கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, நானே ஐந்து முறை தட்டினேன்.